இறையியல் நூற்பயிற்சி: நமக்கு வேண்டிய நூல்கள் எவை?

உண்ணும் உணவிற்கு அளவும் முறையும் வேண்டுமென்பதை யாவரும் ஒப்புவர். நூற்பயிற்சிக்கும் அவ்வாறே அளவும் முறையும் வேண்டுமென்பதைச் சொல்லளவில் ஒப்புவோர் பலர். செயலளவில் ஒப்புவோர் மிகச் சிலரே. ஏனைத் துறைகளில் ஆசிரியரும் பாடத்திட்டமும் மாணாக்கரை ஒருவாறு நெறிப்படுத்துகின்றனர். சமயத் துறையிலோ, கிறிஸ்தவ மாணவராகிய எம்மனோர் தம் சமயத்தைப் பற்றிக் கற்கப் புகுமிடத்து, கைக்குக் கிடைத்ததே நூல், கண்ணிற்பட்டதே பக்கம் என்னும் நிலைமையைக் காண்கின்றோம். மருத்துவ நூலை இங்ஙனம் கற்றானொருவனிடம் நம் உடலை ஒப்புவிக்க நாம் இசையோம். அவ்வாறாக, சமய நூலை இங்ஙனம் கற்றாரிடம் நம் சபைகளை ஒப்புவிக்க இசைதல் யாங்ஙனம் பொருந்தும்?

“இக்காலச் சுவிசேஷ இறையியலில் படிக்கத்தக்க நூல்கள் எவை?” என நம் மாணவர் ஒருவர் வினவுவாராயின், அவர்க்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களாலாகிய நீண்டதொரு பட்டியலேயாம். அப்பட்டியலில் உள்ள நூல்கள் நல்லனவே. அவற்றுட் சிலவற்றை யாமும் இக்கட்டுரையில் பரிந்துரைக்கவே போகின்றோம். ஆயினும், பிறர் வீட்டுச் சமையற் குறிப்பை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு நம் வீட்டில் என்ன அரிசி இருக்கின்றதெனப் பாராதிருத்தல் அறிவுடைமை ஆகாது. நமக்குரிய பட்டியல் தமிழிற் பிறத்தல் வேண்டும். தமிழ்நாட்டு வினாக்களை முன்வைத்தல் வேண்டும். உலகப் புலமையை அவ்வினாக்களுக்குத் துணையாக அழைத்தல் வேண்டும். இதுவே எம் கொள்கை. இதனை நிலைநாட்டக் கடலூரும் சிதம்பரமும் ஆகிய அண்டை ஊர் இரண்டனையும் சான்றாகக் கொள்வோம்.

முதற்கண், ‘சுவிசேஷ இறையியல்’ என்பது யாதென வரையறுத்துக்கொள்ளுதல் நலம். டேவிட் பெபிங்டன் என்னும் வரலாற்றாசிரியர் 1989இல் வெளியிட்ட நூலில், சுவிசேஷக் கிறிஸ்தவத்திற்கு நான்கு இயல்புகளைக் குறித்தனர். மனந்திரும்புதலின் இன்றியமையாமை, திருமறையின் தலைமை, சிலுவையின் நடுநாயகத் தன்மை, விசுவாசம் செயலாக வெளிப்படுதல் என்பன அவை. இந்நான்கினும் அறிவைக் கைவிடுதல் என்பதொன்று இல்லை என்பது கருதத்தக்கது. எனினும் அமெரிக்க நாட்டுச் சுவிசேஷச் சபையாரிடையே சிந்தனை முயற்சி குன்றிவிட்டதென மார்க் நோல் என்னும் பேராசிரியர் 1994இல் ஒரு நூலெழுதி வருந்தினர். அவர் புறத்தே நின்று பழித்தவர் அல்லர்; அச்சபையாருள் ஒருவராக நின்று வருந்தியவர். அவர் வருத்தம் அமெரிக்கரைப் பற்றியதேயெனினும், நம் ஊர்க் கூட்டங்களில் எழும் ஒலிபெருக்கியின் முழக்கத்தையும் நம் ஊர் நூலகங்களின் அமைதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்க்கு அதன் உண்மை விளங்காமற் போகாது.

நிற்க. நூற்பட்டியல் தொகுத்தல் தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்திற்குப் புதியதொன்றன்று; அஃது அதனொடு உடன்பிறந்தது என்னலாம். கொள்ளிடத்திற்குத் தெற்கே, சிதம்பரத்திற்கு மிக்க தொலைவில் இல்லாத தரங்கம்பாடியில், 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, அப்போது இருபத்தைந்து ஆண்டும் நிரம்பாத இளைஞர். அவர் தமிழ் கற்றதோடு அமையாது தமிழ் ஏடுகளைத் தேடித் தேடித் தொகுத்தனர். 1708இல், தாம் தொகுத்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணை வகுத்து, ஒவ்வொன்றன் பொருளும் பயனும் இன்னவெனக் குறித்து ஐரோப்பாவிற்கு அனுப்பினர். அவ்வட்டவணையிற் கிறிஸ்தவ நூல்கள் மட்டுமல்ல, திருக்குறள் முதலாய தமிழர் நூல்களும், இசுலாமியர் நூல்களும் இடம்பெற்றன. போதிக்க வந்த ஒருவர், முதலில் தாம் போதிக்கவேண்டிய மக்களின் நூல்களைக் கற்று மதிப்பிட்டனர் என்பதே ஈண்டு நாம் உணரத்தக்கது. அவரே 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிப் பெருநூலொன்று எழுதினர். அஃது ஹாலே நகரத்துப் பெரியோரால் அச்சேற்றப்படாமல் கிடந்து, 1867இலேதான் சென்னையில் அச்சாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு ஒரு நல்ல நூல் உறங்கிக் கிடந்தமைக்குக் காரணம், பிறர் சமயத்தை அறிதல் வீண் என்னும் எண்ணமேயாம்.

சீகன்பால்குவிற்குப் பின், கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வளர்ச்சிக்கு அடிகோலிய ஜான் மர்டாக் 1865இல் அச்சிட்ட தமிழ் நூல்களுக்கெல்லாம் வகைப்படுத்திய அட்டவணையொன்றை வெளியிட்டனர். தமிழ் அச்சு நூல் வரலாற்றை ஆராய்வார்க்கு அஃது இன்றும் கைவிளக்காய் உதவுகின்றது. இவ்விரு பெரியார் தொண்டினையும் போற்றுகின்றோம். ஆயினும் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. அவ்வட்டவணைகள் தமிழ் நூல்களைப் பற்றியன; தமிழர்க்கென எழுதப்பட்டன அல்ல. ஒன்று ஜெர்மானிய மொழியினும் மற்றொன்று ஆங்கிலத்தினும் இயன்றன. தமிழரைப் பிறர் அறிதற்கு அவை உதவின. தமிழ்க் கிறிஸ்தவர் தம்மைத் தாமே அறிதற்கும், உலகத்தைத் தம் மொழியில் அறிதற்கும் வேண்டிய அட்டவணையை ஆக்கும் பொறுப்பு நம் தலைமுறையின்மேல் நிற்கின்றது.

இனிச் சிதம்பரத்தை நோக்குவோம். தேவாரத் திருமுறைகள் கிடைத்த வரலாற்றைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். தில்லைக் கோயிலில் ஓர் அறையிற் பூட்டிக் கிடந்த ஏடுகள், சோழமன்னன் முயற்சியாலும் நம்பியாண்டார் நம்பியின் துணையாலும் வெளிப்பட்டபோது, அவற்றுட் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்ததென மரபு கூறும். எஞ்சியவற்றையேனும் அவர் காத்துத் தொகுத்திலரேல், இன்று அவற்றை ஓதுவார் யார்? பூட்டிய அறையில் நூல் இருத்தலும் நூல் இல்லாமையும் ஒன்றே என்பதை இவ்வரலாறு எச்சமயத்தார்க்கும் அறிவுறுத்துகின்றது. நம் பழைய மிஷன் அலுவலகங்களிலும் ஆலயத்து அறைகளிலும் உள்ள தமிழ்க் கிறிஸ்தவ நூல்களின் நிலையை நினைக்குந்தோறும் அச்செல்லின் ஒலி எம் காதிற் கேட்கின்றது.

அன்றியும், சிதம்பரம் தமிழிலேயே இறையியல் வளர்த்த ஊர். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் தில்லையைச் சார்ந்தவர். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எட்டு நூல்கள் அவர் இயற்றியன. பதி, பசு, பாசம் என மூன்று சொற்களில் கடவுளையும் உயிரையும் தளையையும் அடக்கி, அவற்றின் தொடர்பைத் தருக்க முறையால் விளக்கும் அந்நூல்களை ஒரு சைவ மாணவன் தன் தாய்மொழியிலேயே கற்கின்றான். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின், அவ்வூர்த் தமிழ்க் கல்வி மேலும் ஓங்கிற்று. அச்சைவ மாணவன் ‘அருள்’ என்னுஞ் சொல்லின் இலக்கணத்தை வினவினால் விடை கூறுவான். நாமோ ‘கிருபை’ என்னுஞ் சொல்லை ஞாயிறுதோறும் பாடுகின்றோம். அதன் இலக்கணத்தை வினவினால் ஆங்கில நூலொன்றைத் தேடுகின்றோம். இஃது அறிவின் குறையன்று. தாய்மொழியிற் சமயத்தைச் சிந்திக்கும் பழக்கத்தின் குறை.

இவ்விடத்தில் ஆறுமுக நாவலரை நினையாதிருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணையாயிருந்து திருமறையைத் தமிழாக்குவதில் உழைத்தவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. பின்னர் அவரே சைவத்தின் காவலராய் நின்று, 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டு, மிஷனெரிமார் சைவக் கிரியைகளைப் பழித்தமைக்குத் திருமறையிலிருந்தே சான்று காட்டி மறுப்புரைத்தனர். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். பள்ளி, அச்சுக்கூடம், உரைநடை, வினாவிடை என மிஷனெரிமாரிடம் கண்ட கருவிகள் அனைத்தையும் அவர் தம் சமயத்திற்குப் பயன்படுத்தினர். நம்மை மறுத்தவர் நம் நூலை எத்துணை ஆழ்ந்து கற்றிருந்தார்! அவர் நூலை நாம் அத்துணை ஆழ்ந்து கற்றதுண்டோ? இவ்வினாவிற்கு நேர்மையாய் விடையளிப்பதே இறையியற் கல்வியின் தொடக்கம் என்பது எம் துணிபு.

கடலூர் கற்பிக்கும் பாடம் வேறு. ஆங்கிலேயரின் தாவீது கோட்டை அமைந்த அவ்வூரில், 1740 முதல் கீர்நாந்தர் என்னும் சுவீடன் நாட்டு மிஷனெரி பணியாற்றினர். 1758இல் பிரெஞ்சுப் படை அக்கோட்டையைக் கைப்பற்றவே, அவர் கல்கத்தா சென்றனர். அரசியற் புயலில் ஒரு மிஷன் எங்ஙனம் அலைப்புறும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு. அதனினும் ஆழ்ந்த நிகழ்ச்சி அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்தது. சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடங்கொடுக்கலாமோ என்னும் வழக்கில், லைப்சிக் மிஷனைச் சார்ந்த கார்ல் ஓக்ஸ் என்பவர், கொடுத்தலாகாது எனக் கூறி அம்மிஷனினின்றும் பிரிந்தனர். 1860களில் கடலூரை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் ‘பெத்தானியா’ எனத் தாம் பெயரிட்ட நிலையத்தை அமைத்து, டென்மார்க்கு மிஷனொடு இணைந்தனர். அதன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை இன்றும் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்குகின்றது.

இதனால் அறியப்படுவது யாது? இறையியல் என்பது கற்றோர் சிலர் மாடியறையில் அமர்ந்து பேசும் பேச்சன்று. ‘திருவிருந்தில் ஒரே கிண்ணத்திற் பருகுவோர் ஒரே பந்தியில் உண்ணலாமோ?’ என்னும் வினா, கடலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் மக்கள் வாழ்வையே தொட்ட வினா. அதற்கு ஒரு மிஷன் ஒரு விடையும் மற்றொரு மிஷன் வேறு விடையும் பகர்ந்தன. இரண்டும் திருமறையிலிருந்தே பகர்ந்தன. எவ்விடை நேரியது என அறிய, திருமறையை எங்ஙனம் வாசிப்பது என்னும் கல்வி வேண்டும். அக்கல்வி இல்லாத இடத்தில், உரத்த குரலுடையார் கூறியதே உபதேசமாகிவிடும். உரத்த குரல் பெரும்பாலும் வலியார் குரலே. ஆதலின் நூற்பயிற்சி இல்லாமையின் தீங்கு முதலிற் சென்று தாக்குவது எளியவரையே என்க.

இனி, எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு, நம் மாணவர் பயிலத்தக்க நூல்களை நான்கு படிகளாக வகுத்துக் கூறுவோம்.

முதற்படி, திருமறையையே அதன் தமிழ் வடிவங்கள் பலவற்றில் ஒப்பிட்டுப் படித்தல். பப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு, லார்சன் ஐயரும் ஜி. எஸ். துரைசாமியும் உழைத்து 1936இல் வெளிவந்த திருத்தம், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒன்றுகூடி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் ஆகிய நான்கினையும் ஒரு மேசைமேல் விரித்து வைத்துக் காண்க. முதன்மையான ஒரு சொல்லே போதும். சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. திருவிவிலியம் ‘கடவுள்’ என்கின்றது. இச்சொற்கள் ஒவ்வொன்றன் பின்னும் ஓர் இறையியல் முடிபு உளது. எச்சொல் எம்மக்களுக்கு எப்பொருள் தரும் என்னும் ஆராய்ச்சியில் அப்பெரியார்கள் தம் வாழ்நாளைக் கழித்தனர். டென்மார்க்கு மிஷனால் அனுப்பப்பெற்று வந்து, பின் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியின் முதல் முதல்வராய் விளங்கிய லார்சன், தமிழ்ப் புலமையும் மூலமொழிப் புலமையும் ஒருங்கு வாய்ந்தவர். ஆயினும் அவர் திருத்தத்தை நம் சபைகள் பெரும்பாலும் ஏற்றில. செவிக்குப் பழகிய சொல்லை விடுத்தல் எளிதன்று. அவ்வேலாமை நேரியதோ அன்றோ என்பதை ஆராய விழைவார், ஹெப்சிபா இஸ்ரேல் அம்மையார் 2011இல் எழுதிய, தென்னிந்தியத் திருமறை மொழிபெயர்ப்புகளையும் சீர்திருத்தக் கிறிஸ்தவரையும் பற்றிய ஆங்கில ஆய்வு நூலைக் கற்பாராக. மொழிபெயர்ப்பால் தாய்மொழிகள் வளம்பெற்ற வரலாற்றை உலகளவிற் காண்பதற்கு, ஆப்பிரிக்கராகிய லாமின் சானே 1989இல் எழுதிய நூல் துணைபுரியும்.

இரண்டாம் படி, தமிழ்க் கிறிஸ்தவர் தாமே சிந்தித்து எழுதிய நூல்கள். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. அதனைப் பனியன் எழுதிய ஆங்கிலக் கதையின் மொழிபெயர்ப்பென்று கூறி ஒதுக்குவார் உளர். அங்ஙனம் கூறுதல் கம்பர் காவியத்தை வான்மீகத்தின் மொழிபெயர்ப்பென்று கூறி ஒதுக்குதலை ஒக்கும். வைணவக் குடியிற் பிறந்த அப்புலவர், தாம் பயின்ற பக்தி மரபினை முற்றத் துறவாது, அதனைக் கிறிஸ்துவின்பால் திருப்பினர். அவர் 1898இல் எழுதிய ‘இரட்சணிய சமய நிர்ணயம்’ என்னும் உரைநடை நூல், தமிழில் முறைப்பட இறையியல் எழுதலாம் என்பதற்குச் சான்று. அதனைப் படித்தார் நம் மாணவருள் எத்துணையர்? இவற்றொடு, ஏ. ஜே. அப்பாசாமி யோவான் சுவிசேஷத்தையும் தமிழ்ப் பக்தர் பாடல்களையும் இணைத்து ஆராய்ந்து எழுதிய நூல்களும், வழக்கறிஞரும் சென்னை மாநகரத் தந்தையுமாயிருந்த வி. சக்கரை, ‘அவதாரம்’ என்னுஞ் சொல்லைக் கிறிஸ்துவிற்கு உரித்தாக்கி எழுதிய நூலும் ஆங்கிலத்தில் உள. எழுதியவர் தமிழர், எழுதிய பொருள் தமிழர் பொருள், மொழி மட்டும் அயன்மொழி. அவை தமிழில் எழுதப்பட்டிருப்பின் நம் சபைகளின் சிந்தனை எத்துணை வளம்பெற்றிருக்கும்!

மூன்றாம் படி, உலகச் சுவிசேஷப் புலமை. இத்துறையில் அளவிறந்த நூல்கள் உளவேனும், ஐயங்களை அடிப்படையாகக் கொண்டு தேர்தல் நன்று. சுவிசேஷங்கள் நம்பத்தக்கனவோ என ஐயுறுவார் எப். எப். புரூஸ் 1943இல் எழுதிய சிறு நூலில் தொடங்கி, ரிச்சர்ட் பாக்கம் 2006இல் வெளியிட்ட, கண்ணாரக் கண்டவர் சான்றினைப் பற்றிய பெருநூலிற்குச் செல்வாராக. உயிர்த்தெழுதலைப் பற்றி ஆராய்வார்க்கு என். டி. ரைட் 2003இல் எழுதிய எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் உளது. அதன் முழுமையையும் படிக்க இயலாதார், பண்டை உலகத்தார் மறுமையைப் பற்றிக் கொண்ட எண்ணங்களைத் தொகுத்துரைக்கும் பகுதியையேனும் படிக்க. சிலுவையின் பொருளை உணர விழைவார்க்கு ஜான் ஸ்டாட் 1986இல் எழுதிய ‘தி கிராஸ் ஆஃப் கிரைஸ்ட்’ சிறந்தது. திருமறை முழுவதையும் ஒரே நோக்கமுடைய வரலாறாக வாசிக்கக் கற்பிப்பது கிறிஸ்டோபர் ரைட் 2006இல் எழுதிய நூல். அவர் புனே நகரத்து இறையியற் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவராதலின், நம் நாட்டு மாணவரின் வினாக்களை நேரிற் கேட்டறிந்தவர். பல சமயத்தார் நடுவே கிறிஸ்துவை அறிக்கையிடுதல் எங்ஙனம் என வினவுவார்க்கு, 1947இல் மதுரையிற் பேராயராய் அமர்ந்து தமிழில் உபதேசித்த லெஸ்லி நியூபிகின் 1989இல் எழுதிய ‘தி காஸ்பல் இன் எ புளூரலிஸ்ட் சொசைட்டி’ என்னும் நூலை முதன்மையாகக் கூறுவோம். அந்நூல் மேலைநாட்டார்க்கென எழுதப்பட்டதாயினும், அதன் வேர் தமிழ் மண்ணில் ஊன்றியது. இலங்கையரான விநோத் இராமச்சந்திரா 1996இல் எழுதிய ‘காட்ஸ் தட் ஃபெயில்’, அறிவியலையும் பொருளையும் நாட்டையும் தெய்வமாக்கி வழிபடும் இக்கால விக்கிரக ஆராதனையை எடுத்துக்காட்டுவது. கற்சிலையைப் பழித்துவிட்டுப் பணத்தை வணங்கும் கிறிஸ்தவர்க்கு அது கசப்பான மருந்து.

நான்காம் படியே அரியது, ஆயின் விலக்கலாகாதது. அஃது எதிர்வழக்காடுவோர் நூல்களைப் பயிலுதல். சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக அமைந்தது. பிறர் கொள்கையை முதலில் எடுத்துக்கூறி ஆராய்ந்து, அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவுதல் அந்நூல் முறை. இம்முறையை நாமும் மேற்கொள்ளுதல் வேண்டும். மெய்கண்ட சாத்திரங்களையும் நாவலர் நூல்களையும் மூலத்திலேயே கற்கும் பேறு தமிழ் மாணவராகிய நமக்கு உண்டு. 1854இல் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கிய ஹொய்சிங்டனும், 1912இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றி ஜெர்மானிய மொழியிற் பெருநூல் எழுதிய ஷோமெரஸும் அயலவராயிருந்தும் அவ்வுழைப்பினை மேற்கொண்டனர். சமயத்திற்குள்ளேயே எழும் மாறுபாடுகளையும் மறைத்தலாகாது. 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, கிரேமர் ஒரு பக்கமும், சக்கரையும் செஞ்சையாவும் உள்ளிட்ட சென்னைக் குழுவினர் ஒரு பக்கமும் நின்று தொடுத்த வழக்கினை இருபாலார் நூல்களையும் கொண்டே ஆராய்க. 1980களில் அரவிந்த் நிர்மல் தொடங்கிய தலித் இறையியலைச் சுவிசேஷச் சபையாருட் பலர் ஐயத்தோடு நோக்குவர். அதன் முடிபுகள் அனைத்தையும் யாமும் ஒப்பவில்லை. எனினும் ஓக்ஸ் காலத்து வினாவை அவ்விறையியல் இன்றும் நம்முன் நிறுத்துகின்றது. அவ்வினாவிற்கு விடை கூறாது அதனைத் தள்ளுதல் நேர்மையன்று. டென்னிஸ் ஹட்சன் 2000இல் எழுதிய, தமிழ்ச் சுவிசேஷக் கிறிஸ்தவரின் 1706 முதல் 1835 வரையுள்ள வரலாறு, நாம் போற்றும் வேதநாயக சாஸ்திரியாரே சபைக்குள் சாதி வழக்கத்திற்கு ஆதரவாய் நின்றமையை உள்ளவாறு உரைக்கின்றது. அவர் பாடலை நாம் கைவிட வேண்டுவதில்லை. அவர் கட்சியை மறைக்கவும் வேண்டுவதில்லை. பெரியாரின் பெருமையும் குறையும் ஒருங்கே அறிவதே வரலாற்றறிவு.

இனி, எம் கொள்கைக்கு எதிராகக் கூறப்படுவன சிலவற்றை ஆராய்வோம். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, விசுவாசத்திற்கு வேண்டுவது ஜெபமே, நூலன்று,” என்பார் ஒருசாரார். ஜெபத்தை யாம் இகழ்ந்திலேம். ஆயின், அவர் கையில் ஏந்தும் தமிழ்த் திருமறையே பலர் பல்லாண்டு அகராதியும் இலக்கணமும் ஆராய்ந்து ஆக்கிய நூலன்றோ? பிறர் கற்ற கல்வியின் நிழலில் அமர்ந்துகொண்டு கல்வியைப் பழித்தல், மரநிழலில் அமர்ந்து மரத்தை வெட்டுதல் போலாம்.

“ஆங்கிலம் அறிந்தார்க்கு ஆங்கில நூல் போதுமே, தமிழில் ஏன் வீண் முயற்சி?” என்பார் மற்றொரு சாரார். கற்றவர்க்குப் போதும் என்றே கொள்வோம். ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமை யாரிடம் பேசுவார்? நெல்லிக்குப்பத்துக் கரும்புத் தோட்டத்தினும், பரங்கிப்பேட்டைக் கடற்கரையினும் உழைத்துக் களைத்து ஆலயத்தில் வந்து அமர்வாரிடமன்றோ பேசவேண்டும்? ஆங்கிலத்திற் சிந்தித்ததைத் தமிழிற் கூற முயலுங்கால், சொல் கிடைக்காது தடுமாறி, ஈற்றில் இரண்டொரு கதை கூறி முடிப்பதைப் பல பிரசங்கங்களிற் கேட்கின்றோம். அஃது அவர் குற்றமன்று. சொல் சமைத்துத் தராத நம் குற்றம். தமிழில் இறையியற் கல்வி இயலாததொன்றன்று என்பதை, 1969 முதல் மதுரை அரசரடியில் நடைபெறும் தமிழ்நாடு இறையியற் கல்லூரி மெய்ப்பித்துள்ளது.

“எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிட்டாற் போதாதோ?” என்பார் வேறொரு சாரார். மொழிபெயர்ப்பு வேண்டும், ஆயின் அது மட்டும் போதாது. லண்டனில் எழுந்த வினாவிற்கு எழுதிய விடையைத் தமிழாக்கினால், விடை தமிழாகும். வினா லண்டன் வினாவாகவே நிற்கும். சிதம்பரத்துச் சைவ நண்பன் நம்மை வினவுவது கடவுள் உண்டோ என்பதன்று. உயிர்க்குத் தொடக்கம் உண்டோ, வினைக்கு ஈடாக ஒருவர் மற்றொருவர்க்காகப் பாடுபடல் எங்ஙனம் நீதியாகும் என்பதே. இவ்வினாக்களுக்கு ஸ்டாட் உதவுவார், முழுதும் உதவார். எஞ்சியதை நாமே எழுதுதல் வேண்டும்.

ஆதலின், நம் மாணவர் முன்னும் பெரியோர் முன்னும் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, கல்லூரி நூலகங்களிலும் திருச்சபை அலுவலகங்களிலும் உள்ள தமிழ்க் கிறிஸ்தவ நூல்களுக்குத் தமிழில் அட்டவணை ஆக்குக. நூற்பெயரும் ஆண்டும் மட்டும் போதா. சீகன்பால்கு செய்தவாறு பொருளும் பயனும் குறையும் சில வரிகளில் எழுதுக. இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. விடுமுறைக் காலத்துச் சில திங்களும் சில மாணவர் உழைப்புமே போதும். செல்லரிக்கும் நிலையில் உள்ளவற்றைப் படமெடுத்துக் காத்தலும் இக்காலத்தில் எளிது. இரண்டாவது, ஆங்கில இறையியல் நூலொன்றைப் படித்து முடித்த மாணவர் ஒவ்வொருவரும் அதன் சாரத்தையும் தம் மதிப்பீட்டையும் இரண்டு பக்கத் தமிழில் எழுதி வைப்பாராக. இரண்டு பக்கம் எழுதுங்கால்தான் எச்சொற்கு நம்மிடம் தமிழ் இல்லை என்பது புலனாகும். புலனான பின்னரே அது பிறக்கும். மூன்றாவது, கடலூரிலும் சிதம்பரத்திலும் சைவ நண்பரையும் கிறிஸ்தவ நண்பரையும் ஒருங்கு கூட்டி, ஒரு திங்களில் அவர் நூலும் மறு திங்களில் நம் நூலுமாக வாசிக்கும் கழகம் காணுக. வெல்லுதற்காகவன்று, விளங்குதற்காகவே அக்கழகம் கூடுக. விளங்கிக்கொள்ளப்பட்ட பின் மறுக்கப்படுதலில் இழிவில்லை. விளங்காமலே புகழப்படுதலில் பெருமையுமில்லை.

அன்பர்காள்! கிறிஸ்து சமயம் ‘வார்த்தை’ மாம்சமானதைப் போதிக்கும் சமயம். வார்த்தையைத் தன் மையமாகக் கொண்ட சமயத்தார் சொல்லாராய்ச்சியில் மடிந்திருத்தல் தகாது. தமிழோ, சொல்லை ஆராய்ந்து பொருளை வகுத்த தொன்மொழி. இவ்விரண்டற்கும் உரியவராய்ப் பிறந்த நாம், இரண்டனையும் இணைக்கும் பணியைப் பிறர்க்கு விட்டுவிடுதல் முறையோ? அயல்நாட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இரண்டாண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் தொகுத்து மதிப்பிட்டனர். நாம் இந்நாட்டிலேயே பிறந்தோம். இம்மொழியையே பாடமாகப் பயில்கின்றோம். இந்த ஆண்டிற்குள் ஆளுக்கு ஐந்து நூல்களையேனும் படித்து, மதிப்பிட்டு, எழுதி வைப்போமாயின், அடுத்த தலைமுறை மாணவர் “எந்நூலைப் படிப்பது?” என வினவுங்கால், தமிழிலேயே விடை கூறும் அட்டவணையொன்று அவர் கையில் இருக்கும். அத்தொண்டிற்கு ஆண்டவர் நமக்கு ஊக்கமும் உறுதியும் அருள்வாராக.